வேலைத்தலத்துக் காரா, நாங்களே எடுக்கும் காரா?

(சங்கத்தின் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் பேச்சாளன் இல்லை. ஊரில் ஏ.எல். வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க நிலைமை விடவில்லை. இங்கே வந்து பார்க் றோயல் பக்கம் ஒரு பக்டரியில் இரவு வேலை செய்கிறேன். "கார் விஷயத்தில நீ பட்ட பாட்டை மற்றச் சனமும் கேக்கட்டும்" என்று செயலாளர் அண்ணைதான் என்னைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை பிறந்தால் எங்கட சனம் புதுக்கார் எடுக்கும். கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, தேங்காய் உடைத்தால்தான் மனதுக்கு நிம்மதி. இந்த பராபவ வருஷத்திலும் கன பேர் எடுப்பீர்கள். அதிலும் மின்சாரக் கார். "வேலைத்தலத்தில குடுக்கினம் அண்ணை, வரி இல்லையாம், எடுக்கட்டோ?" என்று என்னிடமே நாலைந்து தம்பிமார் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் லீஸ் என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்களுக்குப் புதிதில்லை. 2009க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் லீசிங் கம்பனிகள் வரிசையாகக் கிளை திறந்தன. ஓட்டோ, மோட்டார் சைக்கிள், உழவு மெசின் எல்லாம் லீசிங்கில் வந்தது. மாதக்காசு பிந்தினால் சீஸ் பண்ணிக்கொண்டு போவார்கள். ஆனால் ஒழுங்காகக் கட்டி முடித்தால் வாகனம் எங்கள் பெயருக்கு வரும். அந்த நினைப்போடுதான் பலர் இங்கேயும் கையொப்பம் வைக்கிறார்கள். இங்கே கார் லீஸ் என்றால் பெரும்பாலும் வெறும் வாடகைதான். மூன்று வருஷமோ நாலு வருஷமோ கட்டிவிட்டுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கார் ஒருநாளும் எங்களுடையதில்லை. வேலைத்தலம் மூலம் எடுத்தாலும் இதுதான், நாங்களே எடுத்தாலும் இதுதான்.

இனி என் கதை. என்னிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. 2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி லண்டன் முழுவதற்கும் யூலெஸ் வந்தபோது அதை ஓட்டினால் நாளுக்கு 12 பவுண் 50 பென்ஸ். இரவு வேலைக்குப் போனால் நடுச்சாமம் தாண்டித் திரும்பும்போது இரண்டாம் நாள் கணக்கும் விழுந்துவிடும். மேயர் ஒபிஸ் அப்போது பழைய கார்களை உடைக்கக் கொடுத்தால் 2,000 பவுண் தந்தது. கொடுத்துவிட்டேன். (அந்தத் திட்டம் 2024இல் முடிந்துவிட்டது.)

அதே நேரம் எங்கள் பக்டரியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சலரி சக்ரிபைஸ் என்ற திட்டத்தில் மின்சாரக் கார், முற்பணம் இல்லை, இன்சூரன்ஸ், சர்வீஸ், ரயர் எல்லாம் உள்ளடக்கம். எங்கள் லைன் மனேஜர் எடுத்தார். நானும் விண்ணப்பித்தேன். வீட்டில் மனுசியும் பிள்ளைகளும் நிறம்கூடத் தெரிந்துவிட்டார்கள். இரண்டு கிழமையில் பதில் வந்தது: உங்களுக்குத் தர முடியாது.

எனக்கு வெட்கமும் கோபமும். இரவு அலவன்ஸ், ஓவர்ரைம் எல்லாம் சேர்த்தால் என் கையில் வருகிற காசு குறைவில்லை. எங்கட நிறத்துக்காகத்தான் இல்லையென்று சொல்லுகினமோ என்றுகூட நினைத்தேன். எச்.ஆர். ஒபிஸில் இருந்த பிள்ளை ஒரு பேப்பரில் கணக்கைப் போட்டுக் காட்டின பிறகுதான் விளங்கியது. அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

சலரி சக்ரிபைஸ் என்றால், வரி வெட்ட முதலே சம்பளத்தில் ஒரு பகுதியை நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம், அதற்குப் பதிலாக முதலாளி கார் தருகிறார். விட்டுக்கொடுத்த காசுக்கு வருமான வரியும் இல்லை, நாஷனல் இன்சூரன்சும் இல்லை. காரைச் சலுகையாகப் பெற்றதற்கு மட்டும் ஒரு சிறிய வரி உண்டு. மின்சாரக் காருக்கு அது 2020-21இல் பூச்சியம், இந்த 2026-27இல் காரின் பட்டியல் விலையில் 4 வீதத்துக்குரிய வரி. அடுத்த வருஷம் 5, பிறகு 7, 2029-30இல் 9 வீதம். பெற்றோல் காருக்கு இந்த லாபம் 2017இலேயே நின்றுவிட்டது. அதனால்தான் நோட்டீசில் எல்லாம் மின்சாரக் காராக இருக்கிறது.

ஒரு உதாரணம். மாதம் 400 பவுண் விட்டுக்கொடுக்கிறீர்கள், காரின் பட்டியல் விலை 30,000 என்று வைப்போம். 20 வீத வரியும் 8 வீத நாஷனல் இன்சூரன்சும் கட்டுகிறவருக்கு 112 பவுண் மிச்சம். காருக்கான வரி: 30,000இல் 4 வீதம் 1,200, அதற்கு 20 வீதம் வருஷம் 240, மாதம் 20. ஆகவே சம்பளத்தில் உண்மையாகக் குறைவது 308 பவுண். 40 வீத வரி கட்டுகிற டொக்டருக்கோ கம்பியூட்டர் வேலை செய்கிற பிள்ளைக்கோ மிச்சம் 168, காருக்கான வரி 40, ஆகக் குறைவது 272. அதே காருக்குக் கூடச் சம்பளக்காரன் குறையக் கட்டுகிறான். உலகம் அப்படித்தான்.

இப்போது கதவு எங்கே மூடுகிறது என்று பாருங்கள். விட்டுக்கொடுத்த பிறகு மிஞ்சுகிற சம்பளம் அரசாங்கத்தின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக்கூடாது. இது சட்டம், முதலாளி விரும்பினாலும் மீற ஏலாது. 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு அது மணிக்கு 12 பவுண் 71 பென்ஸ். கிழமைக்கு 40 மணித்தியாலம் என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 26,437 பவுண். 400 பவுண் காருக்கு வருஷம் 4,800 வேண்டும். இரண்டையும் கூட்டினால் 31,237. அதாவது அடிப்படைச் சம்பளம் மணிக்கு 15 பவுணுக்குச் சற்று மேல் வேண்டும். 13 பவுண் 50 எடுக்கிறவருக்கு மாதம் 137 பவுணுக்கு மேல் விட்டுக்கொடுக்க முடியாது. அதற்குக் கார் வராது.

இன்னும் ஒன்று. இரவு வேலைக்குக் கூட்டித் தருகிற அலவன்ஸ், ஓவர்ரைமுக்குத் தருகிற ஒன்றரை மடங்கின் அந்த அரைப்பங்கு, இவை இந்தக் கணக்கில் சேராது. அடிப்படை மணிச் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். பென்சனும் சலரி சக்ரிபைசில் போனால் அதுவும் இந்த இடைவெளியைத் தின்றுவிடும். நான் இரவிரவாக நின்று உழைத்த காசு பே சிலிப்பில் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் அது இல்லை. என்னை மறித்தது நிறமில்லை, என்ர அடிப்படைச் சம்பளம்.

சட்டத்தைக் குறை சொல்லவில்லை. குறைந்த சம்பளக்காரனின் கைக்காசைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். ஆனால் அடுத்த முறை சம்பளம் கூட்டும் பேச்சு வரும்போது அலவன்சில் கூட்டாமல் அடிப்படையில் கூட்டச் சொல்லி யூனியனில் கேளுங்கள். இந்தப் பாடத்தை நான் காரில்தான் படித்தேன்.

சரி, உள்ளே போகக்கூடியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா? கொஞ்சம் பொறுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படிக் கார் எடுத்துப் பதினாலாம் மாதம் வேலையை விட்டான். நல்ல வேலை கிடைத்துத்தான் விட்டான். கார் திரும்பிப் போனது, அதோடு இடையில் முறித்ததற்கு ஒரு பெரிய பில்லும் வந்தது. கடைசிச் சம்பளத்தில் பாதி அதற்கே போனது. கார் அவனுடைய வேலையோடு கட்டின கன்று என்று அவனுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. சில திட்டங்களில் வேலை பறிபோனால், சிலதில் நாங்களே விட்டால்கூட, பில் வராமல் பாதுகாப்பு உண்டு. முதல் சில மாதத்துக்கு அது செல்லாமலும் இருக்கலாம். வாசித்துப் பார்க்க வேண்டும்.

குடும்பக்காரர் கவனிக்க வேண்டியதும் உண்டு. தங்கைமார் பிள்ளைப்பேற்று லீவு எடுக்க இருந்தால், சட்டப்படி வரும் மகப்பேற்றுச் சம்பளம் குறைந்த சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். வீட்டுக்கு மோட்கேஜ் கேட்கும்போது சில வங்கிகள் குறைந்த சம்பளத்தையே பார்க்கும். ஊரிலிருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிட ஸ்பொன்சர் பண்ணுகிறவர்கள் வருஷ வருமானம் 29,000 பவுண் காட்ட வேண்டியவர்கள். அவர்கள் சொலிசிட்டரைக் கேட்காமல் சம்பளக் கொன்ராக்ற்றில் கை வைக்கவே வேண்டாம். குடும்பம் ஒன்று சேருவதைவிடக் கார் பெரிதில்லை.

பின்னேரத்தில் சாப்பாடு டெலிவரி ஓடுகிற தம்பிமார்: இந்தக் கார்களின் இன்சூரன்ஸ் பெரும்பாலும் அந்த வேலைக்குச் செல்லாது. பாரிசுக்கோ ஜேர்மனிக்கோ கலியாணத்துக்கு ஓடிக்கொண்டு போகிறவர்கள்: லொக் புக் கம்பனியிடம் இருப்பதால் வி.ஈ. 103 என்ற பத்திரத்தை முன்கூட்டியே கேட்டு எடுக்க வேண்டும். இது நாங்களே லீஸ் எடுத்தாலும் பொருந்தும்.

நாங்களே எடுத்தால் எப்படி? முதலாளிக்குச் சம்பந்தமில்லை, வேலை மாறினாலும் கார் நிற்கும், சம்பளக் கணக்கில் தாக்கமில்லை. ஆனால் எங்கள் கிரெடிட்டைப் பார்ப்பார்கள், தொடக்கத்தில் சில மாதக் காசை ஒன்றாகக் கேட்பார்கள், வரி கழித்து மிஞ்சிய காசில் கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் எங்கள் தலையில். உதாரணமாக லீஸ் 290, இன்சூரன்ஸ் 75, சர்வீஸ் ரயருக்கு 20 என்றால் மாதம் 385. மேலே சொன்ன 308உடன் ஒப்பிட்டால் வேலைத்தலத்துக் கார் வெல்கிறது. லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச நாளான பிள்ளைகளுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு என்று பெற்றோருக்குத் தெரியும். அவர்களுக்கு வித்தியாசம் இன்னும் கூட. ஆனால் பழைய ஓட்டுநருக்கு, மலிவான லீஸ் ஒன்று கிடைத்தால், வித்தியாசம் சுருங்கிவிடும். "28 வீதம் மிச்சம்" என்று நோட்டீசில் போட்டால், எந்த விலையிலிருந்து மிச்சம் என்று கேளுங்கள். வெளியில் அதே கார் என்ன விலை என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆகவே என் முடிவு இதுதான். உள்ளே போக முடிந்தவருக்கும், இடையில் வெளியே வராதவருக்கும் வேலைத்தலத்துக் கார் பெரும்பாலும் லாபம். மற்றவர்கள் அதை நினைத்து ஏங்கத் தேவையில்லை.

நான் என்ன செய்தேன்? 2022 கடைசிக்குப் பிறகு பழைய மின்சாரக் கார்களின் விலை நன்றாக இறங்கியது. உடைக்கக் கொடுத்த 2,000, சீட்டு எடுத்த 6,000, கையிருப்பு 1,200, ஆக 9,200 பவுணுக்கு 2018ஆம் வருஷ நிசான் லீஃப் ஒன்று வாங்கினேன். சண்டர்லண்டில் செய்த கார். அதன் டாஷ்போட்டில் பற்றரியின் நிலையைக் காட்டும் 12 கோடுகள் உண்டு. 12உம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். குளிர்காலத்தில் ஓட்டம் குறையும், அதன் வேகச் சார்ஜ் பிளக் இப்போது எல்லா இடமும் இல்லை. குறை உண்டு. ஆனால் லொக் புக்கில் என் பெயர் இருக்கிறது. வேலை போனாலும் கார் போகாது.

கடைக்கு மேல் பிளாற்றில் இருக்கிறவர்கள் சார்ஜ் பண்ணும் செலவையும் பாருங்கள். வீட்டு மின்சாரத்துக்கு வற் 5 வீதம், தெருச் சார்ஜருக்கு 20 வீதம். அலகு விலையும் தெருவில் கூட. வேலைத்தலத்தில் சார்ஜர் இருந்தால் அந்த மின்சாரத்துக்கு வரி இல்லை. நான் இரவு வேலை நேரத்தில் அங்கேதான் போடுகிறேன். நகர நெரிசல் கட்டணமும் 2026 ஜனவரி 2 முதல் மின்சாரக் காருக்கு உண்டு. 2028 ஏப்ரலில் மைலுக்கு 3 பென்ஸ் வரி வரும் என்றும் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. இன்று மூன்று வருஷத்துக்குக் கையொப்பம் வைக்கிறவருக்கு அதுவும் சேரும்.

கையொப்பம் வைக்க முதல் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. என் அடிப்படை மணிச் சம்பளத்தில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்?
2. வேலையை விட்டால், வேலை போனால், வருத்தம் வந்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?
3. வருஷத்துக்கு எத்தனை மைல்? கூடினால் மைலுக்கு எவ்வளவு?
4. திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்கும் நெளிவுக்கும் எந்த அளவுகோலில் காசு எடுப்பீர்கள்?
5. முதலாளிக்கும் நாஷனல் இன்சூரன்சில் 15 வீதம் மிச்சம் வருகிறது. அதில் எங்களுக்குப் பங்கு உண்டா?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் இந்தச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், எங்கட பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள். விளங்காத பேப்பரில் கையொப்பம் வைத்து நாங்கள் பட்டது காணும்.

பிறந்திருக்கும் புத்தாண்டில் பெரியவர்கள் தரும் கைவிசேடம் எல்லோர் கையிலும் நிலைக்கட்டும். அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.