வேடமும் விலையும்



வீட்டிலே கணினி வைத்திருக்கும் மகன், "கதை நிறைந்த விளையாட்டு ஒன்று இருக்கிறது, அதனை வாங்கித் தாருங்கள்" என்று கேட்டால், தந்தை என்ன விடை சொல்வது? கரைவலை இழுத்தும் கருவாடு உலர்த்தியும் பொருளீட்டும் எங்கள் புத்தளக் கரையோரக் குடும்பங்களிலும் இக்கேள்வி இன்று எழுகின்றது. பாடசாலை அதிபர் என்ற முறையில் என்னிடமும் பெற்றோர் இதனைக் கேட்பதுண்டு. 'விளையாட்டுக்குப் பணமா?' என்று ஒரு சொல்லில் தட்டிவிடுவது எளிது. ஆயினும், கதைநூல் வாங்கப் பணம் கொடுக்கும் நாம், கதையைத் தாங்கி வரும் இன்னொரு பொருளை ஆராயாமலே தள்ளிவிடுதல் முறையாகாது.

அது யாது என்பதை முதலில் தெளிவோம். ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என்பதைத் தமிழில் வேடமேற்பு விளையாட்டு எனலாம். ஆடுபவர் கதையில் வரும் ஒருவராகத் தம்மைப் பாவித்துக்கொள்கிறார். அவர் சொல்லும் சொல்லுக்கும் செய்யும் செயலுக்கும் ஏற்பக் கதை வழி மாறிச் செல்கிறது. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டனர். நண்பர் சிலர் கூடியிருந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்ப்பது அதன் முறை. அம்முறையே பின்னர்க் கணினிக்குள் புகுந்தது.

வேடம் ஏற்றலும் பகடை உருட்டலும் நமக்குப் புதியனவோ? ஆடி மாதத்தில் உடப்பு திரௌபதியம்மன் ஆலயத் திருவிழாவைக் கண்டவர்கள் புதியன என்று சொல்லமாட்டார்கள். தீமிதிப்பில் நிறைவுறும் அவ்விழாவில் பாரதக் கதையின் பாத்திரங்களாக ஊரவர்களே தோன்றுவர். நேற்றுவரை தோணியில் நின்றவர் இன்று பாண்டவருள் ஒருவராக நிற்பார். காண்போரும் அவரைப் பக்கத்து வீட்டுக்காரராக எண்ணுவதில்லை.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே கதை மாறாது. பகடை எத்தனை ஆண்டு உருண்டாலும் தருமன் தோற்றே தீரவேண்டும். பாஞ்சாலி சபைக்கு இழுத்து வரப்பட்டே ஆகவேண்டும். கணினி விளையாட்டோ, "நீயே தருமன், ஆடவும் செய்யலாம், எழுந்து போகவும் செய்யலாம், விளைவை மட்டும் நீ ஏற்றுக்கொள்" என்கிறது. இத்தகைய விளையாட்டுக்கு மதிப்பு உண்டென்றால், அந்தக் கடைசி நிபந்தனையிலேதான் உண்டு.

இதற்குச் சிறந்த சான்றாக 'டிஸ்கோ எலிசியம்' என்ற விளையாட்டைக் கொள்ளலாம். 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த இதன் தலைமை எழுத்தாளர் எஸ்தோனியா நாட்டைச் சேர்ந்த ரொபர்ட் குர்விட்ஸ். அவர் 2013இல் ஒரு நாவலை வெளியிட்டவர். அந்நாவலின் கற்பனை உலகத்தையே விளையாட்டாகவும் அமைத்தார். இதில் ஏறத்தாழ 10 லட்சம் சொற்கள் உள்ளன என்பர். பெரிய நாவல்கள் பலவற்றைச் சேர்த்தாலன்றி இவ்வளவு சொற்கள் வரமாட்டா. தன் பெயரையே மறந்துபோன ஒரு காவல்துறை அதிகாரி, வறுமைப்பட்ட துறைமுகப் பகுதி ஒன்றில், தூக்கில் தொங்கும் ஒருவனின் மரணத்தைத் துப்புத் துலக்குவதே கதை. அங்கே வேலைநிறுத்தம் செய்யும் துறைமுகத் தொழிலாளர் உளர்; வலையோடு அமர்ந்திருக்கும் மீனவப் பெண்ணொருத்தியும் உளள். எங்கள் கரையோரத்தார்க்கு அந்தக் காட்சி அந்நியமன்று.

வாளெடுத்து வெட்டுவதும் துப்பாக்கியால் சுடுவதும் இதில் விளையாட்டின் தொழில் அல்ல, பேசுவதே தொழில். அதிகாரியின் மனத்திலுள்ள 24 ஆற்றல்கள் 24 குரல்களாக அவரோடு பேசுகின்றன. தருக்கம் ஒன்று சொல்ல, இரக்கம் வேறொன்று சொல்ல, அதிகாரம் இன்னொன்று சொல்லும். எக்குரலுக்குச் செவிகொடுப்பது என்பதை ஆடுபவரே தீர்மானிக்கவேண்டும். அருஞ்செயல்களுக்கு இரண்டு பகடைகள் உருளுகின்றன. சில முயற்சிகளை ஆற்றல் வளர்ந்தபின் மீண்டும் செய்யலாம். சிலவற்றுக்கு ஒரே வாய்ப்புத்தான். பகடை பொய்த்தாலும் ஆட்டம் பெரும்பாலும் முடிந்துவிடுவதில்லை. தோற்றவன் தோற்றவனாகவே அடுத்த மனிதரைச் சந்தித்துக் கதையைத் தொடரவேண்டும். சில வேளைகளில் வெற்றியைக் காட்டிலும் தோல்வியே சுவையான வழியைத் திறந்துவிடுகிறது. ஒரு பரீட்சையில் தவறினால் உலகமே முடிந்தது என்று எண்ணும் நம் பிள்ளைகளுக்கு இது சிறிய பாடம் ஆகுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆட்டத்தின் நிலையை இடையிடையே கணினியில் பதிந்து வைக்கலாம். தோற்றவுடன் பதிந்த இடத்துக்குத் திரும்பி, வெற்றி வரும்வரை பகடையை உருட்டிக்கொண்டே இருப்பாரும் உளர். அவ்வாறு ஆடுவார் கதை முழுவதையும் பார்த்துவிடலாம். ஆனால் எந்த விளைவையும் ஏற்றவராகார். நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர் அடையும் பயனே அவர்க்கும் கிட்டும்.

இனி, யார்க்கு இது ஏற்றது என்பதைப் பார்ப்போம். இவ்விளையாட்டில் குடியும் போதைப் பொருளும் வசைமொழியும் உண்டு. அமெரிக்கத் தரப்படுத்தும் அமைப்பு இதனை 17 வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு உரியதென வகுத்துள்ளது. 2023இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'பால்டர்ஸ் கேட் 3' என்பதும் அவ்வாறே வகுக்கப்பட்டது. ஆகவே பாடசாலைப் பிள்ளைக்கு இவற்றை வாங்கித் தருதல் தகாது. மேலும், டிஸ்கோ எலிசியத்தில் தமிழ் இல்லை. அதன் ஆங்கிலமோ அங்கதமும் அரசியலும் கலந்த கடின நடை. படித்து விளங்காதவன் எந்தத் தெரிவைச் செய்தாலும் அது தெரிவாகாது. கண்ணை மூடிக்கொண்டு பகடை உருட்டுவதே ஆகும்.

அப்படியானால் இளையோர்க்கு என்ன உண்டு? இவ்வினத்துக்கு அயலான சிறு கதையாட்டம் ஒன்று உண்டு. கனடாவின் டொரொன்டோ நகரில் உருவாகி 2023 ஜூலையில் வெளிவந்த 'வெண்பா' என்பதே அது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. தாய் தந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போயிருக்க, விடுபட்டவற்றை உய்த்துணர்ந்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். வளர்ந்த மகன் அந்த ஏட்டின் தமிழைப் படிக்கத் தடுமாறும் இடத்தில், மொழியை இழப்பது எத்தகைய இழப்பு என்பது எவர்க்கும் புலப்படும். தமிழிலேயே படித்து ஆடலாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகமான பாப்டாவின் சிறந்த முதல் விளையாட்டுக்குரிய பரிசு இதற்குக் கிடைத்தது.

இறுதியாக விலை. வெளியானபோது அமெரிக்காவில் பால்டர்ஸ் கேட் 60 டாலர். டிஸ்கோ எலிசியம் 40 டாலர். வெண்பா 15 டாலர். 2022இல் நம் ரூபாய் சரிந்தபின் டாலர்க் கணக்கு எத்துணைக் கனமானது என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. எனினும் இணையக் கடைகள் பழைய விளையாட்டுகளின் விலையை ஆண்டில் சில முறை பாதிக்கும் கீழாகக் குறைப்பதுண்டு, பொறுத்திருப்பது நன்று. பால்டர்ஸ் கேட் கணினியில் 150 கிகாபைட் இடம் கேட்கும்; அவ்வளவையும் இணையத்தின் வழி இறக்கவும் வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தல் அறிவுடைமை.

இலவசம் என்று கைபேசியில் நுழைந்து, நாள்தோறும் சிறிது சிறிதாகப் பணம் கறக்கும் விளையாட்டுகள் பல உண்டு. அவற்றுக்கு முடிவும் இல்லை, கதையும் இல்லை. நான் சொன்ன இவையோ ஒருமுறை விலை கொடுத்தால் போதும். நூலைப் போல ஒருநாள் முடிவடைந்து, ஆடியவனை எழுந்து போக விடுகின்றன.

ஆதலின் என் தீர்ப்பு இது. பாடசாலைக் கல்வியை முடித்து, ஆங்கிலம் படித்து விளங்கக்கூடிய மகனோ மகளோ டிஸ்கோ எலிசியத்தைக் கேட்டால், விலை குறையும் காலம் பார்த்து வாங்கிக் கொடுங்கள், அது வீண்செலவன்று. சிறுவர் கேட்டால் மறுத்து, வெண்பாவை வாங்கி உடனமர்ந்து ஆடுங்கள். விளையாடி முடித்தபின் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ எதைத் தெரிந்தாய்? அதனால் என்ன நேர்ந்தது?" அதற்கு அவன் காரணத்தோடு விடை சொல்வானாயின், கொடுத்த பணத்துக்கு உரியது வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.