மாமல்லபுரத்துக்கு வராத ஜனாதிபதி

(செங்கல்பட்டில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2019 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. அந்த நாள் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மாமல்லபுரத்தில் கடைகள் அடைத்துக் கிடந்தன. படகுகள் கரையேறி நின்றன. கிண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை முடிய வழியெங்கும் போலீஸ். சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தார். நம் பிரதமர் வேட்டி கட்டிக்கொண்டு அர்ச்சுனன் தபசு முன்னால் அவரை வரவேற்றார். வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று இருவரும் சுற்றி வந்தார்கள். இளநீர் குடித்தார்கள். மறுநாள் 12ஆம் தேதி கோவளத்தில் பேசி முடித்துப் பிரிந்தார்கள்.

அன்று ஒரு கடையில் வேலை பார்க்கும் இளைஞர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "பாய், அங்கேயிருந்து அதிபர் வந்திருக்கிறார். நம்ம நாட்டு ஜனாதிபதி ஏன் வரவில்லை?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. இன்று நான் பேசப் போவதெல்லாம் அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

முறைப்படி பார்த்தால் ஒரு நாட்டின் தலைவர் அரசுமுறைப் பயணமாக வந்தால், அவரை வரவேற்று விருந்து வைப்பவர் நம் குடியரசுத் தலைவர். 2014 செப்டம்பரில் இதே ஷி ஜின்பிங் டெல்லிக்கு வந்தபோது ராஷ்டிரபதி பவனில் பிரணாப் முகர்ஜி விருந்து வைத்தார். மாமல்லபுரத்தில் நடந்ததோ 'முறைசாராச் சந்திப்பு'. சடங்கு வேண்டாம், காரியம் பேசுவோம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள். சடங்கை எடுத்தவுடன் அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்துக்கு அங்கே இடமில்லாமல் போனது. தமிழக ஆளுநர் சென்னை விமான நிலையம் வரை வந்து கை குலுக்கினார். அதோடு சரி.

ஆங்கிலத்தில் பிரசிடெண்ட் என்று ஒரே சொல்தான். தமிழில் நாம் அதிபர் என்கிறோம், ஜனாதிபதி என்கிறோம், குடியரசுத் தலைவர் என்கிறோம். அமெரிக்காவில் இருப்பவர் அதிபர், டெல்லியில் இருப்பவர் குடியரசுத் தலைவர் என்று நம் பத்திரிகைகள் பிரித்து எழுதுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பதவியின் பெயர் ஒன்றானாலும் பவிசு ஒன்றல்ல!

மூன்று நாற்காலிகள்

சீன அதிபருக்கு மட்டும் அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அதிபர் பதவியிலிருந்து வந்தது என்று நினைத்தால் தவறு. அவர் மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார். கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் என்பது ஒன்று. ராணுவ ஆணையத்தின் தலைவர் என்பது இன்னொன்று. இவ்விரண்டும் 2012 நவம்பரில் கிடைத்தன. நாட்டின் அதிபர் பதவி 2013 மார்ச்சில்தான் வந்தது. மூன்றிலும் பலம் குறைந்தது இந்தக் கடைசி நாற்காலியே. சீன அரசியல் சாசனத்தின்படி அது ஏறக்குறைய நம் ஜனாதிபதி பதவி மாதிரி. மக்கள் காங்கிரஸ் எடுத்த முடிவுகளை அறிவிக்கிற பதவி.

பழைய கதையைக் கேளுங்கள். 1956 டிசம்பரில் சூ என் லாய் மாமல்லபுரத்துக்கு வந்தார். பக்கத்தில் குழிப்பாந்தண்டலம் கிராமத்துக்கும் போனார். அவர் சீனப் பிரதமர். நாட்டின் தலைவராக அப்போது இருந்தவர் மாவோ. 1959இல் மாவோ அந்தப் பதவியை லியு ஷாவோசியிடம் விட்டுக்கொடுத்தார். கட்சித் தலைமையை மட்டும் விடவில்லை. கலாச்சாரப் புரட்சி என்று ஒன்று கிளம்பியது. நாட்டின் தலைவர் லியுவையே துரோகி என்றார்கள். 1968இல் கட்சியிலிருந்து விரட்டினார்கள். மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். ஒரு தேசத்தின் தலைவர்! பிறகு டெங் சியோபிங் நாட்டையே திருப்பிப் போட்டார். அவர் ஒரு நாள்கூட அதிபராக இருந்ததில்லை.

நம் மஹல்லாக்களிலும் இது புதிதல்ல. நோட்டீஸில் தலைவர் பெயர் முதலில் அச்சாகும். கடை வாடகை வசூலும் பெட்டிச் சாவியும் யார் கையில் இருக்கின்றன என்பது வாடகைக்கு இருக்கும் உங்களுக்குத்தானே தெரியும்!

இதே செங்கல்பட்டு மண்ணில் இது ஒருமுறை நடந்திருக்கிறது. 1763இல் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, செங்கல்பட்டுச் சீமையை ஜாகிராகக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதை உறுதி செய்தார். டெல்லியில் பாதுஷா, இங்கே நவாப். இரண்டு பெயர்களும் பத்திரத்தில் பளபளத்தன. பிறகு என்ன ஆனது தெரியுமா? தான் கொடுத்த சீமையை நவாபே கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து 1780 வரை வரி வசூலித்துக் கட்டினார். தன் வீட்டில் தானே குடக்கூலிக்கு இருந்ததுபோல! 1801இல் கர்நாடக ஆட்சி முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. நவாப் பட்டம் அதற்குப் பிறகும் 1855 வரை இருந்தது. பட்டத்தைப் பார்த்துப் பூரித்தவர்களுக்குக் கஜானா போனது தெரியவில்லை.

நோட்டில் இருக்கும் முகம்

சிங்கப்பூர் போய்வரும் வியாபாரிகள் இங்கே இருப்பீர்கள். அந்த நாட்டு வெள்ளி நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் யூசுப் இஸ்ஹாக், சிங்கப்பூரின் முதல் அதிபர், ஒரு முஸ்லிம். அவர் அதிபராக இருந்த காலத்தில் நாட்டை நடத்தியவர் பிரதமர் லீ குவான் யூ. சிறுபான்மைச் சமூகத்தவர் ஒருவரை உச்ச நாற்காலியில் வைத்தது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் முகம் நோட்டில் இருக்கிறது என்பதால் கல்லா அவரிடம் இருந்தது என்று கணக்குப் போடக் கூடாது.

மலேசியாவில் நம்மவர் கடைகளில் மாமன்னர் படம் மாட்டியிருக்கும். 9 சுல்தான்கள் முறைவைத்து 5 ஆண்டுக்கு ஒருவர் மாமன்னராகிறார்கள். அன்றாட ஆட்சி பிரதமருடையது. அப்படியானால் வெறும் அலங்காரமா? இல்லை என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. 2020 அக்டோபரில், கொரோனா காலத்தில், பிரதமர் முஹ்யித்தீன் யாசின் அவசரநிலை கொண்டுவரச் சொல்லி மாமன்னரிடம் போனார். மாமன்னர் மற்ற சுல்தான்களைக் கூட்டிப் பேசினார். அவசரநிலைக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். பிரதமர் அடங்கிப் போக வேண்டியதாயிற்று. (அதே மாமன்னர் 2021 ஜனவரியில் இசைந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஒரு 'இல்லை' இருந்தது.)

இந்த இடத்தில் நம் கதையைச் சொல்லாமல் போனால் நான் உங்களுக்கு உண்மையாக இருந்தவனாக மாட்டேன்.

1975 ஜூன் 25 இரவு. இந்திரா காந்தி அனுப்பிய அவசரநிலைப் பிரகடனம் ராஷ்டிரபதி பவனுக்குப் போகிறது. அமைச்சரவை கூடவில்லை, மறுநாள் காலையில்தான் கூடியது. அன்றிரவே கையெழுத்திட்டவர் பக்ருத்தீன் அலி அஹ்மத். நம்மில் ஒருவர் ஜனாதிபதியானார் என்று சமுதாயம் மகிழ்ந்த அதே மனிதர். அவர் குளியல் தொட்டியில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக அபு ஆபிரகாம் வரைந்த கேலிச்சித்திரம் நாடறிந்தது. அந்தக் கையெழுத்தின் நிழலில்தான் 1976 ஏப்ரலில் டெல்லி துர்க்மான் கேட்டில் ஏழை முஸ்லிம்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. கட்டாயக் கருத்தடை நடந்தது. 1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டதும் அவர் பெயரில்தான். யாரிடம் போய் முறையிடுவது? அங்கே இருந்தவர் நம்மவர்!

அவர் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. "அமைச்சரவை கூடட்டும், காலையில் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்கவில்லை என்பதால்தான் பின்னால் சட்டமே அதை எழுதிவைத்தது. 1978இல் வந்த 44ஆவது திருத்தத்தின்படி, அமைச்சரவையின் எழுத்துபூர்வமான முடிவு இல்லாமல் அவசரநிலை அறிவிக்க முடியாது. அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பவும் ஜனாதிபதிக்கு அதே திருத்தம் உரிமை தந்தது. மறுபடி அனுப்பினால் ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஒரே ஒரு முறை திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான். சகோதரர்களே, டெல்லியில் இருக்கும் அந்த நாற்காலியின் உண்மையான பலம் இவ்வளவே. இதைச் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள்.

1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொல்லிக் குஜ்ரால் அரசு காகிதம் அனுப்பியது. கே.ஆர்.நாராயணன் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் அரசு அதோடு விட்டுவிட்டது. கலைக்கப்படாமல் தப்பியது கல்யாண்சிங்கின் பா.ஜ.க. ஆட்சி. நமக்குப் பிடித்தவர்கள் பிழைத்தார்களா, பிடிக்காதவர்கள் பிழைத்தார்களா என்பதை வைத்து இதை எடைபோடக் கூடாது. அந்தப் பேனா யாருக்காகவும் வளையாமல் நின்றது, அதுதான் விஷயம்.

நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம்? அவரைப் பற்றி ஒரு குறை சொன்னால் இங்கே பலருக்கு மனம் வருந்தும். 2005 மே மாதம் பீகார் சட்டசபையைக் கலைக்கும் உத்தரவு மாஸ்கோவில் இருந்த அவருக்குப் போனது. அங்கிருந்தே ஒப்புதல் தந்தார். அது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் பின்னர் சொன்னது. மறு ஆண்டு ஆதாயப் பதவி மசோதாவை அவர் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார். முதலாவது பிழை, இரண்டாவது கடமை. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன.

இப்போது மாமல்லபுரத்துக்குத் திரும்பி வாருங்கள். இரு தலைவர்களும் கோவளத்தில் கைகுலுக்கிப் பிரிந்தது அக்டோபர் 12. சரியாக இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 12. முதல் நாள் மாநிலங்களவையில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு அன்று ராம்நாத் கோவிந்த் ஒப்புதல் தந்தார். ஒரே நாள் இடைவெளி! முஸ்லிம்களை மட்டும் விட்டுவிட்டு எழுதப்பட்ட சட்டம். அரசியல் சாசனத்தின் 111ஆவது பிரிவு திருப்பி அனுப்ப இடம் தருகிறது. இத்தனை நாளுக்குள் கையெழுத்திட வேண்டும் என்று காலக்கெடுவும் விதிக்கவில்லை. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்தச் சட்டமும் இப்படித்தான். 4ஆம் தேதி அதிகாலையில் மாநிலங்களவையில் நிறைவேறியது, 5ஆம் தேதி திரௌபதி முர்மு ஒப்புதல் தந்தார். திருப்பி அனுப்பியிருந்தால் மீண்டும் நிறைவேற்றித்தான் இருப்பார்கள். ஆனால் நாட்டுக்கு முன்னால் இன்னொரு முறை விவாதம் நடந்திருக்கும். வரலாற்றில் ஒரு காகிதம் இருந்திருக்கும்.

"அப்படியானால் இந்தப் பிரதமர் முறையே வேண்டாம், அமெரிக்கா மாதிரி ஒரே அதிபரிடம் எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் என்ன?" என்று இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். கடல் தாண்டி இலங்கையைப் பாருங்கள். 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது. 2020 அக்டோபரில் 20ஆவது திருத்தம் அந்த நாற்காலியை இன்னும் உயர்த்தியது, முஸ்லிம் எம்.பி.க்கள் சிலரே அதற்கு வாக்களித்தார்கள். அதே காலத்தில்தான், 2021 பிப்ரவரி வரை, கொரோனாவில் இறந்த நம் சகோதரர்களின் ஜனாஸாக்களைக் குடும்பத்தார் கதறக் கதற எரித்தார்கள். தடுத்துக் கேட்க இன்னொரு நாற்காலி அங்கே இல்லை. அமெரிக்காவில் அதிபருக்கு எதிரே காங்கிரஸும் நீதிமன்றமும் நிற்கின்றன. அவற்றை விட்டுவிட்டு அதிபரை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

இனி அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் ஒரு கணக்கு. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தின் 208க்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம் நமக்குத்தான் (ஜார்க்கண்டுக்கும் அதே மதிப்பு). மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூர், செங்கல்பட்டு, தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர், செய்யூர், மதுராந்தகம் என்று இந்த மாவட்டத்தில் 7 தொகுதிகள். 7 பேருக்கும் சேர்த்து 1,232. ரகசிய வாக்கு. கட்சிக் கொறடா உத்தரவும் அதில் செல்லாது. உங்கள் எம்.எல்.ஏ. கடைத்தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது சாக்கடை, தெருவிளக்கு பற்றிக் கேட்கிறீர்கள்; கேளுங்கள். கூடவே, "ஜனாதிபதி தேர்தலில் உங்கள் 176ஐ யாருக்குப் போடுவீர்கள்? காகிதத்தைத் திருப்பி அனுப்பத் துணிந்தவருக்கா?" என்றும் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

மக்ரிபுக்கு இன்னும் 20 நிமிடம் இருக்கிறது. கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி மேடைக்கு அனுப்புங்கள். ஆளுநர்களைப் பற்றி இப்போதே இரண்டு தாள் வந்துவிட்டது. முதலில் அதை எடுத்துக்கொள்வோம்.