நாள் எழுதாத படங்கள்

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறியவர்கள், பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த பொருள்களில் எடை குறைந்ததும் மதிப்பு மிகுந்ததும் புகைப்படமே. ஓய்வான ஒரு மாலையில் அப்படங்களைப் புரட்டும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. 'இவர் யார்?' என்பது முதற் கேள்வி. வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால் விடை கிடைத்துவிடும். 'இது எப்போது எடுத்தது?' என்பது இரண்டாவது. அதற்கு அந்த முதியவரும் நெற்றியைச் சுருக்குகிறார்.

இந்த இரண்டாவது கேள்விக்கே தம் வாழ்நாளில் பெரும்பொழுதைச் செலவிட்ட சிலரைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். அவர்கள் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் இரசிகர்கள்.

பிரெஸ்லி 1935 ஜனவரி 8 அன்று மிசிசிப்பி மாநிலத்து ட்யூபெலோ என்னும் சிற்றூரில் பிறந்தார். 1977 ஆகஸ்டு 16 அன்று மெம்பிஸ் நகரில் தம் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். பல ஆண்டுகள் திரைப்படங்களிலேயே காலங்கழித்த அவர், 1969 ஜூலை 31 அன்று லாஸ் வேகாஸ் நகரத்து விடுதி ஒன்றில் மீண்டும் மேடையேறினார். அன்று தொடங்கி 1977 ஜூன் 26 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள்! ஊர் ஊராகப் பயணம். விமான நிலையம், விடுதி வாயில், மேடை, மறுபடியும் விமான நிலையம்.

அவ்விடங்களிலெல்லாம் கையில் சிறு காமிராவோடு இரசிகர்கள் காத்திருந்தனர். 1963இல் கோடக் நிறுவனம் இன்ஸ்டமாட்டிக் என்னும் எளிய காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், படமெடுக்கத் தனிப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை. அவர்கள் எடுத்த படங்களில் பாதி மங்கல். முன்வரிசைக்காரரின் தலை குறுக்கே நிற்கும். ஆயினும் அவற்றில் ஓர் உயிர் உண்டு. தொழிலறிந்த படப்பிடிப்பாளர் முன் நிற்கும்போது முகம் ஒரு பாவனை கொள்கிறது. காரிலிருந்து இறங்கும் வேளையில் யாரோ ஒரு பெண் சட்டென்று எடுத்த படத்தில் அந்தப் பாவனை இல்லை. குறை ஒன்றே ஒன்றுதான்: பின்புறத்தில் அவள் ஒன்றும் எழுதிவைக்கவில்லை.

நாள் எழுதாத இப்படங்களுக்கு நாள் காண்பது எவ்வாறு?

முதற் சான்று உடை. 1970 முதல் பிரெஸ்லி மேடையில் அணிந்தவை மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த தனித்தன்மை வாய்ந்த உடைகள். பில் பெலூ என்னும் கலைஞர் அவற்றை வடிவமைத்தார். ஒவ்வோர் உடைக்கும் இரசிகர்கள் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். 1973 ஜனவரியில் ஹவாய் மாநிலத்தின் ஹொனலூலு நகரில் அவர் அணிந்தது கழுகு உடை. 1974இல் வந்தது மயில் உடை. சூரியக் கடிகாரம் போன்ற பெரிய வட்டத்தை மார்பில் தாங்கிய உடையை அவர் தம் கடைசி நிகழ்ச்சியில் அணிந்திருந்தார். மயில் உடையோடு கூடிய படத்தை யாரேனும் 1972 என்று கூறினால், அது பிழை என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கழுகு உடையைக் கண்டதும், 'இது செயற்கைக்கோள் வழியே ஒளிபரப்பான 1973 ஜனவரி 14ஆம் நாள் நிகழ்ச்சி' என்று முடிவு கட்டுவோர் பலர். அதே அரங்கில் ஜனவரி 12 அன்று ஒத்திகையாக ஒரு முழு நிகழ்ச்சி நடந்தது. அன்றும் அதே உடைதான். பிறகும் வேறு மேடைகளில் அதை அணிந்திருக்கிறார். ஆகவே உடை நமக்குச் சொல்வது, 'இதற்கு முன்பு அன்று' என்பதை மட்டுமே. எத்தனை காலம் பின்பு என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்ல இரண்டாவது சான்று வருகிறது. அக்காலத்து அமெரிக்கப் படத்தாள்கள் பலவற்றில், வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். படம் எடுத்த நாளன்று அது. தாளில் படி எடுத்த மாதம். சுருளில் இன்னும் நான்கு படம் மீதமிருக்கிறதே என்று காமிராவை அலமாரியில் வைத்து, அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பிறகு கழுவக் கொடுத்த வீடுகள் எத்தனையோ! ஆகவே ஓரத்து எழுத்துச் சொல்வது, 'இதற்குப் பின்பு அன்று' என்பதை மட்டுமே. உடை ஒரு பக்கக் கதவை அடைக்கிறது. ஓரம் மறுபக்கக் கதவை அடைக்கிறது. படத்தின் நாள் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. சுற்றுப்பயண நிரலை அருகில் வைத்துக்கொண்டு ஊர்களை ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டே போகவேண்டும்.

மேடையல்லாத படங்களுக்கு வேறு சான்றுகள் உண்டு. பிரெஸ்லி 1958 மார்ச்சு முதல் 1960 மார்ச்சு வரை படையில் பணியாற்றினார். அவருடைய சட்டைக் கையிலுள்ள முக்கோணச் சின்னத்தில் 2 என்ற எண் இருந்தால் அவர் டெக்சாஸில் பயிற்சி பெற்ற காலம்; 3 என்றால் ஜெர்மனியில் இருந்த காலம். சார்ஜண்டுப் பட்டை தெரிந்தால் 1960இன் தொடக்கம். ஒரு விரலகலத் துணி ஈராண்டுகளைப் பகுத்துக் காட்டிவிடுகிறது!

ஏமாற்றும் படங்களும் உண்டு. படச்சுருளைத் திருப்பி வைத்து அச்சிட்டுவிட்டால் வலம் இடமாகும். வலக்கையால் மீட்டுகிறவர் இடக்கைக்காரராகத் தோன்றுவார். அப்போது அறிவிப்புப் பலகையின் எழுத்துகளைப் பார்க்கவேண்டும். சட்டையின் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்க்கவேண்டும். 'இலண்டன் கச்சேரி' என்று எழுதிய படம் வந்தால் அதை ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவுக்கு வெளியே அவர் பாடியது 1957இல் கனடாவின் மூன்று நகரங்களில் மட்டுமே. பிரிட்டனில் எடுத்த படமென்றால், 1960 மார்ச்சில் நாடு திரும்பும் வழியில் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் விமான நிலையத்தில் சிறிது நேரம் இறங்கிய அந்த ஒரு வேளைதான்.

இவை எல்லாவற்றினும் கடினமான சான்று மனிதர் நினைவு. ஓர் அம்மையார் தாம் எடுத்த படத்தைக் கொண்டுவந்து, "1972ஆம் ஆண்டுக் கோடைக்காலம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். படத்தில் மயில் உடை; ஓரத்தில் 1974 ஆகஸ்டு. அம்மையார் பொய் சொல்லவில்லை. நம் மனம் ஆண்டுகளை எண்ணி வைப்பதில்லை. திருமணம், முதல் வேலை, தாயாரின் மறைவு என்று நிகழ்ச்சிகளைக் கொண்டே காலத்தை அளக்கிறது. அறிந்தவர் இங்கே ஆண்டைக் கேட்கமாட்டார். "உடன் வந்தவர் யார்? எவ்வளவு தூரம் காரில் சென்றீர்கள்? அன்று மழையா, வெயிலா?" என்று கேட்பார். 'தங்கையோடு போனேன்; திரும்பும்போது நல்ல மழை' என்ற விடை கிடைத்தால், உள்ளூர்ச் செய்தித்தாளைப் புரட்டி ஊரையும் நாளையும் கண்டுவிட இடமுண்டு. ஆண்டு பொய்த்தது, மழை பொய்க்கவில்லை.

'ஒரு பாடகரின் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா?' என்று சிலர் நகைக்கலாம். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கடைசி ஆண்டுகளில் பிரெஸ்லியின் உடல் மிகவும் நலிந்திருந்தது. முகம் வீங்கி, நடை தளர்ந்திருந்தது. 1977இல் எடுத்த படத்தின்கீழ் 1974 என்று எழுதினால், அவரை மூன்றாண்டு முன்னதாகவே நோயாளியாக்கி விடுகிறோம். 1972இல் எடுத்த பொலிவான படத்தின்கீழ் 1976 என்று எழுதினால், அவர் நோயோடு மேடையேறிப் பட்ட துன்பத்தை மறைத்துவிடுகிறோம். இரண்டும் அநீதி. மறுத்துப் பேச அவர் இல்லை. ஒரு நூலில் ஏறிய பிழை ஒன்பது நூல்களுக்குப் பரவும். அதனால்தான் நேர்மையான இரசிகர், தமக்கு உறுதியாகத் தெரியாதபோது 'ஏறக்குறைய' என்ற சொல்லைச் சேர்த்து எழுதுகிறார். அந்த ஒரு சொல்லில் அவருடைய அன்பும் இருக்கிறது, அறமும் இருக்கிறது.

நேயர்களே, நம் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய படங்கள் உண்டு. தமிழகத்து இசைவாணர்கள் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்தபோது, இரயில் நிலையத்தில் மாலையிட்டு வரவேற்றதும், மாதுங்காவில் ஒரு வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உணவு பரிமாறியதும் படமாக எஞ்சியுள்ளன. அவற்றுக்கும் சான்றுகள் இல்லாமற் போகவில்லை. படத்தின் பின்புறம் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். முகவரியில் 'பம்பாய்-19' என்று இருந்தால் பெரும்பாலும் பழைய படம். ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் இருந்தால் முத்திரை 1972 ஆகஸ்டு 15க்குப் பிற்பட்டது, ஏனெனில் அன்றுதான் அந்த எண் நடைமுறைக்கு வந்தது. 'மும்பை' என்று இருந்தால் 1995க்குப் பின். 'சென்னை' என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1996க்குப் பின். பழைய முத்திரையையே சில கடைக்காரர்கள் நெடுநாள் பயன்படுத்தியிருப்பார்கள், அதையும் மனத்திற்கொள்ளவேண்டும். பம்பாய்ச் சண்முகானந்தா அரங்கம் 1990இல் தீக்கிரையாகி, பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த மேடையில் எடுத்த படத்துக்கு இடைப்பட்ட ஆண்டுகளைக் குறிக்க முடியாது.

சுவரும் முத்திரையும் காத்திருக்கும். முதியவர்கள் காத்திருக்கமாட்டார்கள். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர் அருகே அமருங்கள். ஆண்டைக் கேட்காதீர்கள், அன்று என்ன சமையல், யார் யார் வந்திருந்தார்கள், பாடகர் எந்தப் பாட்டை மறுமுறை பாடினார் என்று கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்புறத்துக்கு ஊறிவிடும். உறுதியில்லாத இடத்தில் 'ஏறக்குறைய' என்று சேர்த்து, எழுதியவர் பெயரையும் எழுதிய நாளையும் கீழே குறித்து வையுங்கள்.