அடுக்குமாடிச் சங்கங்களும் சுயமரியாதையும்

(புதுச்சேரி நகரில், அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



வீட்டுச் சொந்தக்காரர் சங்கங்களின் சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட்டு வாழ்வதில் உள்ள நன்மை தீமைகளைப் பற்றிப் பேசும்படி எனக்கு உத்தரவாகியிருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "கடவுள், மதம், ஜாதி என்று பேசுகிறவர்களுக்கு லிப்டிலும் தண்ணீர்த் தொட்டியிலும் என்ன வேலை?" என்று கேட்டார். கடவுளும் மதமும் ஜாதியும் ஆகாயத்தில் குடியிருக்குமானால் அவற்றைப் பற்றி நமக்கும் கவலையில்லை. அவை நம் வாசற்படியிலும் அடுப்படியிலும் தண்ணீர்க் குழாயிலும் அல்லவா குடியிருக்கின்றன? ஆதலால் நாமும் அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நன்மையைச் சொல்லி விடுகிறேன். நான் சங்கமே வேண்டாம் என்கிற கக்ஷிக்காரன் அல்ல. தனி வீட்டில் இருக்கிறவன் ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக் கொள்வான். அடுக்குமாடியிலே மேல் வீட்டுக் குளியலறை ஒழுகினால் கீழ் வீட்டுக்காரன் கட்டிலில் தண்ணீர் சொட்டுகிறது. அஸ்திவாரம், மாடிப்படி, மொட்டை மாடி, கிணறு, தண்ணீர்த் தொட்டி, மோட்டார், சாக்கடைக் குழாய் இவை ஒருவனுடையவை அல்ல, எல்லோருடையவை. எல்லோருடையது என்று சொன்னால் நம் நாட்டில் ஒருவனும் கவனிக்க மாட்டான் என்று அர்த்தம். அதற்காக மாதா மாதம் இவ்வளவு பணம், இன்ன வேலைக்கு இன்னார் பொறுப்பு, கணக்கு இன்ன தேதியில் காட்ட வேண்டும் என்று விதி செய்து கொள்ளுவது அறிவுடைமையே ஆகும்.

நம் ஊருக்கு இது இன்னும் அவசியம். கடலோர ஊர், ஆழமாகப் போட்டால் உப்புத் தண்ணீர் ஏறும் அபாயம் உண்டு. ஆளுக்கொரு குழாய்க் கிணறு போட்டுக் கொள்ள முடியாது. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் வந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். 2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஜனங்களைப் படகில் ஏற்றி மீட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் மோட்டாரை முன்கூட்டியே மேலே ஏற்றி வைத்ததும், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைத்ததும், மூன்றாவது மாடியில் தனியாக இருந்த கிழவிக்குக் கஞ்சி கொண்டு போனதும் கடவுள் வேலை அல்ல. சங்கம் ஒழுங்காக இருந்த இடத்தில் சங்கத்தின் வேலை. தவிர, கட்டிக் கொடுத்த கம்பெனி ஏமாற்றினால் ஒற்றை ஆள் போய் நின்றால் வாசற்காவலன் கூட மதிக்க மாட்டான். எல்லோரும் சேர்ந்து போனால் நாற்காலி போடுவான். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டமே, வீடுகளில் பெரும்பான்மை விற்பதற்கு ஏற்பாடான மூன்று மாதத்திற்குள் வாங்கியவர்களின் சங்கம் அமைய வழி செய்ய வேண்டும் என்று கட்டுகிறவன் தலையில் பொறுப்பு வைத்திருக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. அதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அதாவது, சங்கத்து விதி எழுதப்பட்ட விதி. நம்முடைய ஊரில் எழுதாத விதிகள் எப்படி நடந்தன என்று பாருங்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரன் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. மேற்கே வந்தால் இன்ன ஜாதிக்கு இன்ன தெரு. வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி என்று பெயரைக் கேட்டாலே உள்ளே யார் இருந்தார்கள் என்று விளங்கும். எந்தச் சங்கம் கூடி, எத்தனை பேர் கை தூக்கி இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள்? ஒருவரும் இல்லை. கிறிஸ்து மதத்திற்குப் போனால் தீரும் என்று போனவர்களுக்காவது தீர்ந்ததா? இந்த ஊர் சம்பாக் கோயிலுக்குள்ளேயே ஜாதிக் கிறிஸ்தவர்களையும் "பறையர்" என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரிக்க நடுவில் சுவர் இருந்தது. 1745-ல் அந்தச் சுவர் காரணமாக நடந்த தகராறை ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரே சாமி, ஒரே கூரை, நடுவில் சுவர்!

எழுதாத விதியோடு சண்டை போடுவது காற்றோடு சண்டை போடுவது மாதிரி. "பரம்பரை வழக்கம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக் கொள்வார்கள். சங்கத்து விதியோ ஒரு காகிதத்தில் இருக்கிறது. இது எதற்கு என்று கேட்கலாம். கூட்டம் கூட்டி மாற்றலாம். மனுதர்மத்தைத் திருத்த வருஷாந்தரக் கூட்டம் ஏதாவது உண்டா? பைலாவைத் திருத்த உண்டு. நம் ஜனங்களுக்குத் தங்கள் கையாலேயே எழுதி, தங்கள் கையாலேயே அடித்துத் திருத்தக் கூடிய சட்டம் என்று ஒன்று கிடைத்திருக்கிறதென்றால் அது இதுதான். அப்படியிருந்தும் என்ன செய்கிறோம்? வீடு வாங்குகிற அன்று கையெழுத்துப் போடுகிற கட்டுக் காகிதத்தில் அதுவும் ஒன்றாகப் போய்விடுகிறது. பிறகு அதையும் ஒரு சாஸ்திரமாக்கி விடுகிறோம்.

இனி தீமைக்கு வருகிறேன். தீமை சங்கத்தில் இல்லை. சங்கத்திற்குள் நாம் தூக்கிக் கொண்டு போகிற மூட்டையில் இருக்கிறது.

பிள்ளையாரை எடுத்துக் கொள்ளுங்கள். கட்டடம் முடியும்போது மூலையில் ஒரு முழ இடம் சும்மா கிடக்கிறது. ஒருவர் ஆசைப்பட்டு ஒரு பிள்ளையாரை வைக்கிறார். சிறிய கல்தானே என்று மற்றவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் மேலே கூரை. அதற்கடுத்த வருஷம் பளிங்குக்கல், மின்விளக்கு, ஐயருக்கு மாதச் சம்பளம். பிறகு சதுர்த்திக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணச் சீட்டிலேயே ஏறிவிடுகிறது. அந்தக் கட்டடத்தில் முஸ்லிம் இருக்கிறார், கிறிஸ்தவர் இருக்கிறார், நம்மைப் போல எதுவும் வேண்டாதவரும் இருக்கிறார். அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? "ஐம்பது ரூபாய்க்காகவா சண்டை?" என்பார்கள். ஐம்பது ரூபாய் பெரிதல்ல என்றால் நீங்கள் வாங்காமல் விட்டு விடலாமே! இதே சங்கத்தில் வாட்ச்மேனுக்குச் சம்பளம் ஐந்நூறு ரூபாய் கூட்டலாம் என்றால் இரண்டு மணி நேரம் விவாதம் நடக்கும். சாக்கடை அடைத்துக் கொண்டு நாறும்போது "நிதி இல்லை" என்று அறிவிப்பு ஒட்டுவார்கள். தன் வீட்டுக்குள் ஒருவர் எத்தனை சாமி வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளட்டும். அது அவர் பாடு. பொது இடமும் பொதுப் பணமும் பொதுவானதற்கே செலவாக வேண்டும். வாஸ்து பார்த்து, நன்றாயிருக்கிற தண்ணீர்த் தொட்டியை இடித்து வேறு மூலையில் கட்டுவதற்குப் பொதுப் பணத்தைக் கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

அடுத்தது லிப்டு. "வேலைக்காரர்கள் இந்த லிப்டில் ஏறக் கூடாது" என்று பெரிய நகரங்களின் பல கட்டடங்களில் பலகை தொங்குகிறது. நமது ஊரிலும் அந்த நாகரிகம் பரவ அதிக நாள் ஆகாது. காரணம் கேட்டால் சுத்தம் என்கிறார்கள். யார் சுத்தம்? நீங்கள் தின்ற எச்சில் தட்டைக் கழுவுகிறவள், நீங்கள் அழுக்காக்கின துணியைத் துவைக்கிறவள், உங்கள் குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்கி வைத்துக் கொள்ளுகிறவள் உங்கள் அடுப்படிக்குள் வரலாம். ஆனால் நாலு மாடி ஏறுகிற இரும்புப் பெட்டியில் உங்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது! மூட்டை முடிச்சுகளுக்குத் தனி லிப்டு இருக்கட்டும். அது சாமானைப் பற்றிய விதி. மனிதர்களைப் பிரிப்பது எதைப் பற்றிய விதி? 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக் கூடாது என்றார்கள். அந்தத் தெருவையே நிமிர்த்தி வைத்தால் லிப்டு ஆகிறது.

பிறகு, சாப்பாடு. மீன் பிடித்து மீன் தின்று வளர்ந்த ஊர் இது. இந்த ஊரிலேயே "சைவர்களுக்கு மட்டும்" என்று வாடகைப் பலகை பார்க்கலாம். வாடை வருகிறது என்கிறார்கள். பெருங்காயத்துக்கு வாடை இல்லையா? குப்பையைக் கட்டிப் போடு, மீன் கழுவின தண்ணீரை மாடிப்படியில் ஊற்றாதே என்று விதி செய்யுங்கள். அது நியாயம், சைவருக்கும் பொருந்தும். சட்டிக்குள் என்ன வேகிறது என்று கேட்பது விதியல்ல, ஜாதி விசாரணை. நேரே "என்ன ஜாதி?" என்று கேட்க வெட்கப்படுகிறவர்கள் "நீங்கள் சைவமா?" என்று கேட்கிறார்கள், அவ்வளவே. தனியாக வேலை பார்த்துச் சம்பாதிக்கிற பெண்ணுக்கு வீடு கொடுக்காதே, அவள் வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று வாட்ச்மேன் நோட்டுப் புத்தகத்தில் எழுது என்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. குடும்பஸ்தன் எத்தனை மணிக்கு வந்தான், எப்படித் தள்ளாடிக் கொண்டு வந்தான் என்று அந்த நோட்டில் ஒரு வரியும் இருக்காது.

இதற்கெல்லாம் அவர்கள் சொல்லுகிற சமாதானம், "பெரும்பான்மை முடிவு" என்பது. தோழர்களே! இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்ற ஊரில், 1911-ல், ஒரு தெருவில் 39 வீட்டுச் சொந்தக்காரர்களில் 30 பேர் கூடி, கறுப்பர்களும் மங்கோலிய இனத்தவரும் 50 வருஷத்துக்கு இந்த வீடுகளில் குடியிருக்கக் கூடாது என்று பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 39-க்கு 30! நல்ல பெரும்பான்மைதான். 1945-ல் ஷெல்லி என்ற கறுப்பர் குடும்பம் அங்கே ஒரு வீட்டை வாங்கியது. அந்தப் பத்திரத்துக்கு உட்பட்ட மற்ற வீட்டுச் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1948-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, தனி மனிதர்கள் தங்களுக்குள் எதை எழுதிக் கொண்டாலும் சரி, அதை நிறைவேற்றிக் கொடுக்கச் சர்க்காரின் நீதிமன்றம் கை கொடுக்காது என்று தீர்ப்புச் சொல்லிற்று.

நம் நாட்டுக் கதையையும் கேளுங்கள். ஆமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று உண்டு. பார்சிகளே அங்கத்தினராகலாம் என்பது அதன் விதி. வழக்கு மேலே போயிற்று. 2005-ல் நமது சுப்ரீம் கோர்ட்டு, சங்கம் சேரும் உரிமை அரசியல் சட்டத்தில் இருக்கிறது, விதி என்பது அங்கத்தினர்கள் தங்களுக்குள் செய்து கொண்ட ஒப்பந்தம், சட்டசபை சட்டம் செய்து மாற்றினால்தான் உண்டு என்று சொல்லி அந்த விதி செல்லும் என்றது. பார்சிகள் மிகச் சிறிய சமூகம். அழிந்து போவோமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கலாம். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்களுக்காகத் திறந்த கதவு வழியாக நாளைக்கு எந்த மேல் ஜாதிக்காரன் வேண்டுமானாலும் தன் அக்கிரகாரத்தைப் பதிவு நம்பரோடு நடத்திக் கொள்ளலாம் அல்லவா? தீண்டாமை ஒழிந்தது என்று 17-வது பிரிவில் எழுதியிருக்கிறது. அதைக் காட்டிக் கேட்க வேண்டியது நம் பொறுப்பாகவே இருக்கிறது.

பிரெஞ்சு தேசத்தில் உறவினர் இல்லாத குடும்பம் புதுவையில் குறைவு. அங்கே அடுக்குமாடியில் இருக்கிற உங்கள் அண்ணனையோ அத்தையையோ கேட்டுப் பாருங்கள். 'சேந்திக்' என்று நிர்வாகி ஒருவர், வருஷாந்தரக் கூட்டம், பங்குக்குத் தக்க ஓட்டு எல்லாம் உண்டு. ஆனால் 1965-ஆம் வருஷத்து அவர்கள் சட்டத்திலே ஒரு வரி இருக்கிறது: கட்டடம் எந்த உபயோகத்துக்கு ஏற்பட்டதோ, அதன் தன்மையும் இருப்பிடமும் எப்படியோ, அதற்கு அவசியமானதைத் தவிர வேறு எந்தத் தடையையும் சொந்தக்காரன் மேல் விதிக்கக் கூடாது என்பது. 1970-ல் வந்த இன்னொரு சட்டப்படி, வீட்டில் நாய் பூனை வளர்க்கக் கூடாது என்று விதி எழுதினாலும் செல்லாது. அந்த 1965 சட்டம் நமக்குக் கிடைக்கவில்லை. ஏனெனில் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1962-ல், புதுவை சட்டப்படியே இந்தியாவோடு சேர்ந்தாயிற்று. சேர்ந்தது சரிதான். ஆனால் அந்த ஒரு வரியை எழுதிக் கொள்ளப் பாரிசின் அனுமதி வேண்டியதில்லை. உங்கள் பைலாவிலேயே நீங்கள் எழுதிக் கொள்ளலாம்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். இதைத்தான் நான் முக்கியமாகக் கேட்டுக் கொள்ளுகிறேன். அறுபது வீடு இருக்கிற இடத்தில் பன்னிரண்டு பேர் வருவதும், அதில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் நாலு பேர் பேசுவதும், மற்றவர்கள் காபி சாப்பிட்டுவிட்டுப் போவதுமாக இருந்தால், பிறகு விதி சரியில்லை என்று அழுது பயனில்லை. வீடு மனைவி பேரில் இருக்கும். கூட்டத்துக்குப் புருஷன் போவான். தாய்மார்களே, வீடு உங்கள் பேரில் இருந்தால் நீங்களே போங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பது அவரை விட உங்களுக்குத்தான் தெரியும். விதிப் புத்தகத்தின் நகலை வாங்கி ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். பொதுப் பொருளைக் காப்பாற்றுவதற்கா, யாரோ ஒருவருடைய உயர்வைக் காப்பாற்றுவதற்கா? இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றால் முதல் வகை. அதை மார்கழி பஜனைக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கணக்கில் பராமரிப்பு வேறு, பூஜை வேறு என்று பிரித்து, பூஜைச் செலவை விரும்புகிறவர் மட்டும் போட்டுக் கொள்ளச் செய்யுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் பல இடங்களில் மாதக் கட்டணம் அவர்கள் கையிலிருந்துதான் போகிறது. ஓட்டுக் கொடுக்கச் சம்மதமில்லை என்றால், கூட்டத்தில் உட்கார்ந்து பேசவாவது இடம் கொடுக்க வேண்டும். அதோடு, உங்கள் கட்டடத்தில் வேலை செய்கிற பெண்கள் எங்கே மலஜலம் கழிக்கிறார்கள் என்று தயவுசெய்து ஒரு தரம் விசாரியுங்கள். காலை ஆறு மணிக்கு வந்து மத்தியானம் இரண்டு மணி வரை ஆறு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்குக் கீழே ஒரு கழிப்பிடமும் குடிதண்ணீர்க் குழாயும் இல்லாத கட்டடங்கள் எத்தனையோ. பிள்ளையாருக்கு விட்ட இடத்தில் பாதி போதும்.

நேரமாகி விட்டது. மற்ற தோழர்களும் பேச வேண்டியிருக்கிறது. நான் சொன்னதில் ஒப்பாதவர்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுத்தால் எனக்குத் தெரிந்த மட்டும் பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.