அழைப்பு வருமுன் ஆயத்தம்



பட்டம் பெறும் உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த வாழ்த்துகள். பணி நியமன ஆணையோடு வந்திருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகாமல், அடுத்து என்ன என்ற கேள்வியோடு வந்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். இரு சாராருக்கும் உதவும் ஒரு வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்கக் கால்பந்து வீரர் குர்ட் வார்னரின் வாழ்க்கை அது.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். அதற்கு டச்டவுன் என்று பெயர். பந்தை எறிபவர் குவாட்டர்பேக். பந்து கைக்கு வந்ததுமே, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள எதிரணியினர் அவரை வீழ்த்தப் பாய்வார்கள். இரண்டு மூன்று நொடிக்குள் களத்தை அளந்து, யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும்.

1971-இல் அயோவா மாநிலத்தில் பிறந்த வார்னருக்கு, வடக்கு அயோவா பல்கலைக்கழக அணியில் கடைசி ஆண்டில்தான் முதன்மை குவாட்டர்பேக் இடம் கிடைத்தது. 1994-இல் அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒருவரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் அணி பயிற்சி முகாமுக்கு அழைத்தது. சீசன் தொடங்குமுன் அனுப்பிவிட்டது. ஊர் திரும்பியவர் ஹை-வீ பல்பொருள் அங்காடியில் இரவு வேலைக்குச் சேர்ந்து அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். மணிக்கு ஐந்தரை டாலர் கூலி. கூடவே, தாம் படித்த பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியளிக்கவும் உதவினார்.

இந்தக் கதையைச் சொல்வோர் பலர் அங்காடியிலிருந்து நேரே வெற்றி மேடைக்குத் தாவிவிடுகிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில்தான் நமக்கான பாடம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்காக அவர் உள்ளரங்கக் கால்பந்து ஆடினார். அந்தக் களத்தின் நீளம் 50 கெஜம், பெரிய களத்தில் பாதி. அகலமும் ஏறக்குறைய பாதிதான். ஓர் அணிக்கு எட்டுப் பேர். ஓரங்களில் மெத்தை பொருத்திய சுவர்கள். இடம் குறையக் குறைய, யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. வேகமாகப் பார்ப்பது, வேகமாக முடிவெடுப்பது, குறுகிய இடைவெளியில் குறி தப்பாமல் எறிவது ஆகிய மூன்றையும் அந்தச் சிறிய களம் அவருக்குப் பழக்கியது. 1998-இல் ஐரோப்பிய லீக்கில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணிக்கு ஆடி, எறிந்த தூரத்திலும் டச்டவுன்களிலும் முதலிடம் பெற்றார். அதே ஆண்டு தேசிய லீக்கின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மூன்றாம் நிலை குவாட்டர்பேக் ஆனார்.

1999-இன் தொடக்கத்தில், புதிதாக அமைந்த கிளீவ்லாந்து அணி விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என ராம்ஸ் விட்டுவைத்த வீரர்களில் அவரும் ஒருவர். கிளீவ்லாந்து அவரை எடுக்கவில்லை. ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டத்தில் ராம்ஸின் முதன்மை குவாட்டர்பேக் டிரெண்ட் கிரீனின் முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. பயிற்சியாளர் டிக் வெர்மீல் கலங்கிய கண்களோடு செய்தியாளர்கள் முன் வந்து, வார்னரின் பின்னால் அணி திரளும், நன்றாகவே ஆடும் என்று அறிவித்தார்.

அப்போது வார்னருக்கு வயது 28. முதல் மூன்று ஆட்டங்களிலும் ஆட்டத்துக்கு மூன்று டச்டவுன் எறிந்தார். தொடர்ந்து 17 முறை ராம்ஸைத் தோற்கடித்திருந்த சான் பிரான்சிஸ்கோ அணிக்கு எதிராக ஐந்து. சீசன் முடிந்தபோது அவர் எறிந்தது 4,353 கெஜம், 41 டச்டவுன். ஒரே சீசனில் நாற்பதைக் கடந்தவர் அதற்குமுன் டான் மரினோ ஒருவரே. முந்தைய ஆண்டு 16 ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்ற அணி, இப்போது 13 ஆட்டங்களை வென்றது. மார்ஷல் ஃபாக், ஐசக் புரூஸ், டோரி ஹோல்ட் போன்ற சகவீரர்களும், தாக்குதல் உத்திகளை வகுத்த மைக் மார்ட்ஸும் இல்லாமல் இது நடந்திருக்காது. தனியாளாக யாரும் இந்த ஆட்டத்தில் வெல்வதில்லை.

2000 ஜனவரி 30-இல் அட்லாண்டாவில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. எதிரணியான டென்னசி டைட்டன்ஸ் 16-16 எனச் சமன் செய்தபோது மீதம் இருந்தது இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அடுத்த நகர்விலேயே, எதிரணி வீரர் ஜெவோன் கியர்ஸ் வந்து மோதும் தறுவாயில் வார்னர் எறிந்த பந்தை ஐசக் புரூஸ் பிடித்து ஓடினார். 73 கெஜம், டச்டவுன். ஆட்டத்தின் கடைசி நொடியில் ராம்ஸின் மைக் ஜோன்ஸ் எதிரணி வீரரை எல்லைக்கு ஒரு கெஜம் முன்னே மடக்கினார். 23-16 என ராம்ஸ் வென்றது. அந்தப் போட்டியின் சிறந்த வீரரும், அந்த சீசனின் சிறந்த வீரரும் வார்னரே. மோதல் வரும் என்று தெரிந்தும் கண்ணை விலக்காமல் எறியும் துணிவு அன்று திடீரென்று பிறந்ததன்று. சிறிய களத்தில் ஆண்டுக்கணக்கில் பழகிய பழக்கம் அது.

உச்சியோடு அவர் கதை முடியவில்லை. 2001-இல் மீண்டும் லீக்கின் சிறந்த வீரரானார். அதன்பின் கைக் காயம், தொடர் தோல்விகள், இடம் பறிபோதல். 2004-இல் ராம்ஸ் அவரை விடுவித்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் பாதி சீசன் ஆடியதும் இளைஞர் ஈலை மேனிங்குக்கு இடம்விட நேர்ந்தது. அடுத்துச் சேர்ந்த அரிசோனா கார்டினல்ஸும் அவருக்கு மேலே ஓர் இளைஞரைக் கொண்டுவந்தது. வார்னர் மீண்டும் பெஞ்சிலிருந்து தொடங்கினார். இரு கைகளிலும் கையுறை அணிந்து எறியப் பழகினார். அதுவரை சூப்பர் பவுலைக் காணாத அந்த அணியை, 37-ஆம் வயதில் 2009 பிப்ரவரி இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். 27-23 என்று தோற்றது அணி. ஆனால் அவர் முடிந்துபோனவர் என்று பிறகு யாரும் சொல்லவில்லை. 2010-இல் ஓய்வு; 2017-இல் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்.

மாணவச் செல்வங்களே, வேலை கிடைத்தவர்களுக்கு ஒரு சொல்: கிடைத்த இடம் நிலையானது என்று எண்ணிக் கற்பதை நிறுத்திவிடாதீர்கள். கிடைக்காதவர்களுக்கு: உங்களைத் தேர்வு செய்யாதவர்கள் ஒரு நாளின் மதிப்பீட்டைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சிறிய நிறுவனம், சிறிய ஊர், சிறிய சம்பளம் என்று எந்தக் களம் கிடைத்தாலும், அங்கே உங்கள் தொழிலின் நுட்பத்தை முழு மனதோடு பழகுங்கள். அழைப்பு எல்லோருக்கும் வரும் என்று நான் வாக்குத் தர முடியாது. ஆயத்தமாக இல்லாதவருக்கு அழைப்பு வந்தும் பயனில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இரு சாராருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் நாளை மற்றவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் அமர்வீர்கள். கல்லூரியின் பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்துக் கோப்பை மூடிவிடாதீர்கள். எதிரே இருப்பவர் இத்தனை நாளாக என்ன பழகினார் என்று கேளுங்கள். டிக் வெர்மீலைப் போல, கையருகே இருப்பவரை நம்பிப் பொறுப்புக் கொடுங்கள். நீங்கள் தரும் ஒரு வாய்ப்பால் ஒரு குடும்பமே தலைநிமிரும். வாழ்க, வளர்க.