பிடி அரிசியும் பத்து ரூபாயும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். நம்ம கூட்டமைப்பு உதவி நிதியைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னாங்க.

நம்ம பாட்டிமார் காலத்தில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. தினமும் சோறாக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பாங்க. மாசக் கடைசியில் அது இல்லாதவங்க வீட்டுக்கோ, பொதுக் காரியத்துக்கோ போகும். கொடுத்த வீட்டில் அது குறைஞ்சதே தெரியாது. வாங்கின வீட்டில் அடுப்பு எரியும்.

“இப்பத்தான் ரேஷன்ல இலவச அரிசி வருதே, இன்னும் எதுக்கு உதவி நிதி?” என்று சிலர் கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். 2011-லிருந்து அரிசி இலவசம். டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. காப்பீட்டு அட்டையில் ஆபரேஷனும் செய்யறாங்க. ஆனா ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கிற மகளுக்குப் பத்து நாள் கூலி போகுதே, அதை எந்த அட்டை கொடுக்கும்? முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்த அம்மா, பணம் கைக்கு வர்ற வரைக்கும் எண்ணெய், பருப்பு எதை வச்சு வாங்குவாங்க? இந்த இடைவெளியைத்தான் நம்ம நிதி அடைக்குது.

கணக்குப் பாருங்க. வாரக் கூட்டத்தில் ஆளுக்கு 10 ரூபாய், ஒரு டீக் காசு. 15 பேர் உள்ள குழுவில் நாலு வாரத்துக்கு 600 ரூபாய். அதே மாதிரி 20 குழு சேர்ந்தால் 12,000 ரூபாய். தனியாக ஒருத்தி கொடுக்க முடியாததை எல்லாரும் சேர்ந்து கொடுக்கிறோம்.

பெண்கள் சேர்ந்தால் எதுவரை போகலாம் என்பதற்கு ஒரு உதாரணம். நமக்கெல்லாம் மகப்பேறு உதவித்தொகை யார் பேரில் வந்தது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில். அவங்க தங்கச்சி புற்றுநோயில் இறந்தாங்க. அந்த அம்மா மாதர் சங்கத்தோடு சேர்ந்து மக்களிடம் நிதி திரட்டி, 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கினாங்க. அன்னிக்கு இருந்தது 12 படுக்கை. இன்னிக்கு எங்கெங்கிருந்தோ நோயாளிகள் அங்கே வர்றாங்க.

ஆனா பணம் சேர்க்கிறது பாதி வேலைதான். கொடுக்கிற விதம் மீதிப் பாதி. எங்க பக்கத்தில் ஒரு அம்மா, போட்டோ எடுப்பாங்கன்னு பயந்தே உதவி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பட்டினியை விட அவமானம் பெரிசாப் போச்சு. அதனால மூணு விஷயம் கேட்டுக்கிறேன்.

ஒண்ணு, எவ்வளவு வந்தது, எதுக்குப் போச்சு என்பதைக் கூட்டத்தில் வாசிப்போம். வாங்கினவங்க பேர் மட்டும் நிர்வாகிகள் மூணு பேரோட தனி நோட்டில் இருக்கட்டும். போட்டோ வேண்டாம்.

ரெண்டு, இந்தப் பணத்தைச் சேமிப்போடும் கடனோடும் கலக்கக் கூடாது. தனி ரசீது, தனிப் பதிவேடு. கணக்கு சுத்தமா இருந்தாத்தான் அடுத்த வாரமும் கை நீளும்.

மூணு, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வேலையில்லாத வாரத்தில் 10 ரூபாயும் பெரிய காசுதான். அந்த வாரம் அவங்க கொடுக்காட்டி ஏன்னு கேட்காதீங்க. வீட்டில் என்ன கஷ்டம்னு கேளுங்க. உதவி யாருக்குத் தேவைன்னு பல நேரம் அங்கேதான் தெரியும்.

இன்னிக்குக் கொடுக்கிற கை நாளைக்கு வாங்க வேண்டி வரலாம். அந்த நாளில் நமக்கு எப்படிக் கொடுத்தால் மனசு நோகாதோ, அப்படியே இன்னிக்கு நாம கொடுப்போம்.