மனத்தில் விழுந்த சிக்கு
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நெம்மேலிக் கடற்கரையில் வலையில் சிக்கு எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கோபத்தில் வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு இறுகும், நூலும் அறும். பொறுமையாக ஒவ்வொரு இழையாகப் பிரிக்க வேண்டும். மனத்தில் விழுந்த பகையும் அப்படித்தான்.

கேரளத்தில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் ஏழை விவசாயிகளைக் கடன் பிடியிலிருந்து மீட்க உழைத்தார். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்தில் பயணம் செய்தபோது, சமுந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அப்போது அவருக்கு வயது 41. கொலையாளிக்கு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

2002 ஆகஸ்டில், ரக்ஷாபந்தனையொட்டி, ராணி மரியாவின் தங்கையான அருள்சகோதரி செல்மி பால் சிறைக்குச் சென்றார். அக்காவைக் கொன்ற கையில் ராக்கி கட்டி, அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார். அவர்களுடைய தாயும் அந்தக் கைகளை முத்தமிட்டார். 2006இல் சமுந்தர் சிங் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது, மனம் மாறிய அவரும் அங்கே இருந்தார்.

கொலைக்கும் ராக்கிக்கும் இடையே ஏழு ஆண்டுகள். இதைக் கவனியுங்கள். "மன்னிக்க நினைக்கிறேன் சாமி, முடியலையே" என்று ஒப்புரவு அருட்சாதனத்தில் அழுகிறவர்கள் உண்டு. சோர்ந்துவிடாதீர்கள். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது, ஆண்டவர் கணக்கையே அழித்துவிட்டார். ஒரே காயத்தைக்கூட நாம் பலமுறை மன்னிக்க வேண்டியிருக்கும். காலையில் மன்னித்தது மாலையில் மீண்டும் வலிக்கும்.

மன்னிப்பது என்றால் நடந்தது தவறே அல்ல என்று சொல்வதல்ல. குற்றம் குற்றம்தான், நீதி கேட்பதும் பாவமல்ல. ஆனால் பழிவாங்கும் ஆசையை இறைவன் கையில் ஒப்படைத்துவிடுகிறோம்.

பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி நம்மிடையே இல்லையா? சீர்வரிசையில் குறை கண்டு முகம் திருப்பிக்கொண்ட சம்பந்திகள் இல்லையா? இன்றிரவு அந்த ஒருவரின் பெயரைச் சொல்லி ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபியுங்கள். நாளை எதிரில் வந்தால், "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள்.

முதல் இழை பிரிந்துவிடும். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். ஆமென்.